ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்று

கீழே பேருந்து நிறுத்தத்தில் இருக்கும் பலகை, கோட்டைக்கு நடந்து போக இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று சொல்கிறது. அது தவறு. நாற்பது நிமிடம் ஆகும், வயதானவர்களுக்கு ஐம்பது. அதை மாற்றச் சொல்லி மாவட்ட அலுவலகத்துக்குப் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறேன். பலகை அப்படியேதான் இருக்கிறது. அதனால் மேலே வந்து சேரும்போதே மக்கள் எரிச்சலோடு வருகிறார்கள். முதலில் கழிப்பறை எங்கே என்று கேட்பார்கள். அடுத்து சித்திரவதை அறை எங்கே என்று கேட்பார்கள். தோப்ரவின் கோட்டையில் சித்திரவதை அறை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதைச் சொன்னதும் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். அவர்கள் வீட்டுப் பொருள் எதையோ நான் எடுத்து ஒளித்து வைத்துக்கொண்டதுபோலப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர். அது எனக்குச் சிரமமில்லை. முப்பத்தாறு வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து முறை அதைத்தான் செய்கிறேன்.

என் பெயர் ஒடிலியா கார்வாஷோவா. வயது அறுபத்து மூன்று. திருமணம் ஆகவில்லை. தோப்ரவின் கோட்டையின் வழிகாட்டி, பராமரிப்பாளர், குளிர்காலத்தில் காவலும் நானே. ஏப்ரல் முதல் அக்டோபர் கடைசி நாள் வரை கோட்டை திறந்திருக்கும். மற்ற ஐந்து மாதமும் சாவிக்கொத்து என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கும். வாரம் ஒருமுறை நான் மட்டும் ஏறிப்போய்க் கூரை ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். வேறு யாரும் வரமாட்டார்கள்.

மேல் கோட்டை பழையது. சுவர் இரண்டு மீட்டர் கனம், ஜன்னல் என்ற பெயரில் கை நுழையும் அளவுக்குச் சந்து. எல்லோரும் அதைத்தான் படம் எடுப்பார்கள். எனக்கு அதில் ஒன்றுமில்லை. பயந்துபோன மனிதர்கள் கட்டியது அது. உள்முற்றத்தில் ஒரு தூண்மாடம் இருக்கிறது, நீங்கள் பார்த்தீர்கள். எட்டு வளைவுகள், அவற்றின் மேல் இன்னும் எட்டு, மெல்லிய கல்தூண்கள், சுவரில் காரையைக் கீறி வரைந்த இலைகளும் கொடிகளும். மறுமலர்ச்சிக் காலத்து வேலை. மலைகளைத் தாண்டி வந்த இத்தாலியக் கொத்தன் ஒருவன் செய்தது. பயம் தீர்ந்த ஒரு மனிதர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிழலில் நிற்க வேண்டும் என்பதற்காகவே கட்டச் சொன்ன இடம். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அங்கே போய் நின்றேன். அதற்கு முன் என் வாழ்க்கையில் நான் எங்கேயும் அப்படி நின்றதில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழு. அந்த வருடமே மாடத்தை இடிக்க உத்தரவு வந்தது. தூண்கள் விலகிவிட்டன, கூரை இல்லை, பார்வையாளர்களுக்கு ஆபத்து, இடித்துவிட்டுச் சிமெண்டுச் சுவர் எழுப்புவது என்று முடிவு. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூட மலை ஏறி வந்து பார்க்கவில்லை. நான் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். பிறகு மே மாதம், மூலைத் தூணின் தலையில் படிந்திருந்த பழைய காரையைச் சுரண்டியபோது ஓர் ஆண்டு தெரிந்தது. ஆயிரத்து ஐந்நூற்று நாற்பத்தொன்று. அதற்கு மட்டும் பதில் வந்தது. தலைநகரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஏணியில் ஏறாமல் கீழேயிருந்தே படம் எடுத்தார்கள், இந்த வட்டாரத்திலேயே இதுதான் பழைய தூண்மாடம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். இடிக்கும் உத்தரவு ரத்தானது. அடுத்த வருடம் கூரை போட்டார்கள். நான் ஒரு சிறு புத்தகம் எழுதினேன். இப்போதும் நுழைவுச்சீட்டு ஜன்னலில் கிடைக்கும்.

திபோர் மலினாக் முதல்முறை வந்தது நான்கு வருடத்துக்கு முன். கீழே நகரத்தில் இருப்பவர், ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபது வயதை நெருங்கியவர், மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்ற ஓர் உயரமான ஆள். மூலைத் தூணுக்கு வந்ததும் அவர் கண்ணாடியை மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார். பிறகு பதினெட்டுப் பேருக்கு முன்னால் கேட்டார்.

“மன்னிக்கணும் மேடம். அது நாலுன்னு உறுதியா? எனக்கு ஒன்பது மாதிரி தெரியுது.”

நாலுதான் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணிச் சுற்றுக்கு வந்தார். மழையிலும் வந்தார். ஒரு வருடத்துக்குள் நான் பேசுவதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்க வேண்டும், ஆனாலும் சீட்டு வாங்கிக்கொண்டு முழுவதும் கேட்பார். இடையிடையே மன்னிக்கணும் என்பார். கிணற்றின் ஆழம் நான் சொல்வதைவிட மூன்று மீட்டர் குறைவு, கயிறு விட்டுப் பார்த்தாராம். கோபுரச் சுவரின் கனம் நான் சொல்வதைவிட அரை அடி அதிகம். சரியாகத்தான் இருக்கும். ஆனால் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது எல்லோருடைய கண்ணும் அவர் பக்கம் திரும்ப ஆரம்பித்தது. இந்தப் பெரியவர் தலையாட்டினால்தான் இந்த அம்மாள் சொல்வது உண்மை என்பதுபோல. நான்கு வருடம், இன்ஸ்பெக்டர். உங்கள் வேலையில் உங்களுக்குப் பின்னால் ஒருவர் நின்று நான்கு வருடம் மன்னிக்கணும் என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஹெர்மினாவுக்கு இது பெரிய வேடிக்கை. சனிக்கிழமை மதியம் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி என்னைக் கூப்பிடுவாள்.

“அடியே ஒடிலியா, உன் ஆளு வந்தாச்சு. ஷூவுக்கு பாலிஷ் போட்டிருக்கார் பாரு. மலைப்பாதைக்கு யாராவது பாலிஷ் போடுவாங்களா?”

“அவருக்கு வேற வேலை இல்ல,” என்றேன் ஒருமுறை.

“வேலை இல்லாதவன் காப்பிக் கடையில உக்காருவான்டி. ஐம்பது நிமிஷம் மூச்சு வாங்கிட்டு ஏற மாட்டான்.”

அவர் எப்போதும் ஏதாவது கொண்டுவருவார். பெரும்பாலும் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டி, அவரே சுட்டது. முதல் தடவை கருகிவிட்டது, இது இரண்டாவது தடவை சுட்டது என்று சொல்லிக் கொடுப்பார். என் முட்டி வலிக்கிறது என்று யாரிடம் கேட்டாரோ, ஒருநாள் ஒரு களிம்பு கொண்டுவந்தார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருப்பது மரியாதை இல்லை. இரண்டாவது வருடத்திலிருந்து மேடம் போய் ஒடிலியா என்று கூப்பிட ஆரம்பித்தார். நான் அதற்கு இடம் கொடுத்ததாக நினைவில்லை. ஒரு மனிதரிடமிருந்து அவருடைய ஆண்டைப் பறிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள் என்று நான் புரிந்துகொண்டேன்.

இப்போது அக்டோபர் முப்பத்தொன்றுக்கு வருகிறேன்.

சீசனின் கடைசி நாள். பனிமூட்டம். இரண்டு மணிச் சுற்றில் பன்னிரண்டு பேர், அவரையும் சேர்த்து. மூன்று மணிக்கு மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் தூண்மாடத்து பெஞ்சில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பெருநகரத்து ஆவணக் காப்பகத்தில் இரண்டு மாதம் தேடி எடுத்த பிரதியாம். கோட்டையின் பழைய காரியஸ்தன் ஒருவன் தன் எஜமானனுக்கு எழுதிய கடிதம். தேதி இருக்கும் மூலை கிழிந்துபோயிருந்தது. ஆனால் ஒரு வரி தெளிவாக இருந்தது. கொத்தன் மாடத்தை முடித்துவிட்டான், தூணில் வெட்டிய அதே ஆண்டைப் பத்திர அறையின் மாடக்குழியிலும் வெட்டியிருக்கிறான்.

பத்திர அறை மாடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. நிலப் பத்திரங்களை வைப்பதற்காகக் கட்டிய சிறிய அறை, வளைந்த கூரை, ஜன்னல் கிடையாது, காற்றுக்கு மேலே ஒரு சந்து மட்டும். இரும்புக் கதவு. அந்தக் கதவின் தாழ் ஒரு வில் வைத்தது. சாத்தினால் தானே விழும், வெளியிலிருந்து சாவி போட்டுத்தான் திறக்க முடியும், உட்பக்கம் பிடியே கிடையாது. திருடன் உள்ளே போனால் அங்கேயே இருக்கட்டும் என்று அந்தக் காலத்தில் யோசித்துச் செய்திருக்கிறார்கள். பார்வையாளர்களை அங்கே விடுவதில்லை. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. மாடக்குழியில் ஓர் ஆண்டு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே பார்த்திருப்பேன்.

“வாங்க, இன்னைக்கே பார்த்துடலாம்,” என்றார். “உங்க நாலா, என் ஒன்பதான்னு தெரிஞ்சுடும். தூண்ல இருக்கிற எண்ணுல மேல் பாகம் ஏதோ அடிபட்டிருக்கு, ஒடிலியா. எந்தக் காலத்துலயோ காரை பூசுறவன் கொத்தியிருப்பான். அதை வெச்சு சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல.”

அவர் தாளை மடித்துக்கொண்டே தொப்பியைப் பார்த்துப் பேசினார்.

“எதுவா இருந்தாலும் ரெண்டு பேர் பேரையும் போட்டே எழுதலாம்னு நினைச்சேன். குளிர்காலத்துல உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. என் சமையலறை நல்லா சூடா இருக்கும். நீங்க வந்தீங்கன்னா சேர்ந்து உக்காந்து எழுதலாம். எனக்கு அளக்கத்தான் தெரியும், எழுத வராது.”

அவர் என்ன கேட்டார் என்று நீங்கள் கவனிக்க வேண்டும். என்னைத் தன் வீட்டில் உட்கார வைத்து, முப்பத்தாறு வருடமாக நான் சொன்னது பொய் என்று என் கையாலேயே எழுத வைக்கப் பார்த்தார். அதுவும் சிரித்துக்கொண்டே. ஹெர்மினாவிடம் கேட்டால் வேறு ஏதாவது சொல்வாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் பார்ப்பாள்.

நான் மேலே போய்ப் பத்திர அறையைத் திறந்தேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு மர ஆப்பு வைப்பது வழக்கம். முன்பு ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டிருந்தேன். போன கோடையில் அதைப் பார்த்துவிட்டு, ஆபத்து என்று சொல்லி, அவரே கருவாலி மரத்தில் ஓர் ஆப்பு செதுக்கிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வழவழவென்று தேய்த்திருந்தார், ஆப்புக்கு அவ்வளவு தேவையில்லை. அவரிடம் பேட்டரி விளக்கைக் கொடுத்தேன். ஒரு தூரிகையும் மரத்தகடும் குறிப்பேடும் சட்டைப்பையில் வைத்திருந்தார். மாடக்குழி தாழ்வாக இருந்ததால் முட்டி போட்டு உட்கார்ந்து சுண்ணாம்பைத் தட்ட ஆரம்பித்தார். அவருடைய முதுகு எனக்குத் தெரிந்தது. கோட்டின் பின்பக்கம் ஒரு தையல் விட்டிருந்தது.

இதில் நான் சரியாகச் சொல்ல விரும்புகிறேன். கோபம் வரவில்லை. அவரைத் தள்ளவில்லை, தொடவும் இல்லை. நான் ஆப்பைப் பார்த்தேன், பிறகு என் காலால் அதை நகர்த்தினேன். கதவு கனமானது, மெதுவாகத்தான் சாத்தும். அவர் திரும்பிப் பார்க்க நேரம் இருந்தது. திரும்பவில்லை. வேலையில் இருந்தார். தாழ் விழுந்த பிறகு, எந்தக் கதவைச் சாத்தினாலும் செய்வதுபோல, ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். நன்றாக விழுந்திருந்தது.

கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து தட்டினார். “ஒடிலியா, கதவு சாத்திக்கிச்சு,” என்றார். சத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில்தான் இருப்பேன் என்று நினைத்திருப்பார்.

நான் இறங்கினேன். அவர் பை பெஞ்சில் இருந்தது, கைபேசி அதற்குள் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு என் அறையில் வைத்தேன். ஹெர்மினா ஜன்னலைப் பூட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை தன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறாள், வசந்தம் வரை அங்கேதான்.

“எங்கடி உன் பெரியவர்?” என்றாள்.

“கீழ் வாசல் வழியாப் போயிட்டார்.”

“சொல்லிக்காமலா? கடைசி நாள் அதுவுமா?” அவளுக்கு உண்மையிலேயே வருத்தம். “நான் வேற என்னென்னவோ நினைச்சேன். ரொட்டிகூடக் குடுக்கலியா?”

கொடுத்தார் என்று சொல்லி, அவர் பையிலிருந்த கசகசா ரொட்டியை எடுத்துவந்தேன். இருவரும் சாப்பிட்டோம். மிச்சத்தை ஹெர்மினா தங்கைக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் நவம்பர் ஒன்று, இறந்தவர்களுக்கான நாள். கல்லறைக்குப் போய் அப்பா அம்மாவுக்குச் செவ்வந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பதினோரு மணிக்கு மலை ஏறினேன். கூரையைப் பார்க்கும் நாள் அல்ல. இருந்தாலும் ஏறினேன். கதவின் முன்னால் நின்றேன். என் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது.

“ஒடிலியாவா? நல்லவேளை வந்தீங்க.” குரல் கரகரப்பாக இருந்தது. “காத்துல சாத்திக்கிச்சு போல. என் தப்புதான். ஆப்பை இன்னும் கொஞ்சம் பெருசா செதுக்கியிருக்கணும்.”

“சாவி கீழே இருக்கு,” என்றேன். “எடுத்துட்டு வரேன்.”

“மெதுவா போய்ட்டு வாங்க. படி ஈரமா இருக்கும், உங்க முட்டி வேற. நான் எங்கேயும் போயிட மாட்டேன்.”

சாவி என் கோட்டுப் பையில் இருந்தது. நான் வீட்டுக்குப் போனேன்.

ஏன் திறக்கவில்லை என்று நேற்று நான்கு முறை கேட்டீர்கள். அந்த நேரத்தில் திறந்தால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்க எங்கே இருந்தேன் என்று அவர் கேட்பார். நான் பதில் யோசித்துக்கொண்டே இறங்கினேன். கீழே வந்து சேர்ந்தபோதும் பதில் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப்போயிருந்தது என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாம் தேதி மறுபடி போனேன். இந்த முறை நான்தான் கூப்பிட்டேன். அவர் கதவை ஒட்டி வந்து உட்கார்கிற சத்தம் கேட்டது.

“தண்ணி கொண்டு வந்தீங்களா?” என்றார்.

“மாடக்குழியில ஆண்டு இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“முதல்ல கதவைத் திறங்க ஒடிலியா. கால் மரத்துப்போச்சு.”

“இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லுங்க.”

உள்ளே அவர் உள்ளங்கையால் கதவைத் தடவும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தியது காற்று இல்லை என்று அந்த நேரத்தில்தான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பிறகு, இருந்தது என்றார். விளக்கு அணைவதற்கு முன்பே சுண்ணாம்பை எடுத்துப் பார்த்துவிட்டாராம். விளக்கு போன பிறகு விரலால் தடவிப் பார்த்தாராம்.

நான் கதவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்து, அவருக்குக் கேட்கும்படி இரும்பில் ஒருமுறை தட்டினேன்.

“மூணாவது எண் நாலுன்னு சொல்லுங்க. உடனே திறந்துடறேன்.”

இதை நான் உண்மையாகவே சொன்னேன், இன்ஸ்பெக்டர். சாவியைத் துவாரத்தில் வைத்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சொல்லியிருந்தால் திருப்பியிருப்பேன், போர்வை போர்த்தி, கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போய் டீ போட்டுக் கொடுத்திருப்பேன். இதைவிட எளிதான விஷயத்தை ஒரு மனிதரிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

அவர் மூச்சுவிடுவது கேட்டது. பிறகு பேசினார்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் ஒடிலியா. அந்தக் கடிதத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன். இதைப் பத்தி வாயே திறக்க மாட்டேன், சத்தியமா. ஆனா அது ஒன்பதுதான். மேல வளைவு மூடியிருக்கு. தடவிப் பார்த்தேன்.”

சொல்ல மாட்டேன் என்பது வேறு, நாலு என்பது வேறு. நான் அவரிடம் மௌனத்தைக் கேட்கவில்லை. மௌனம் என்னிடமே நிறைய இருந்தது. சாவியை வெளியே எடுத்தேன். நான் எழுந்திருக்கும் சத்தம் கேட்டதும் அவர் என் பெயரைச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். கத்தவில்லை.

மூன்றாம் தேதி போய் மறுபடி கேட்டேன். பதில் இல்லை. உள்ளே ஏதோ உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நான்காம் தேதி அதுவும் இல்லை. அதன்பின் நான் மேல்தளத்துக்குப் போகவில்லை. குளிர்காலத்தில் அங்கே எனக்கு வேலையும் இல்லை.

மீதி உங்களுக்குத் தெரியும். அயர்லாந்தில் இருக்கும் அவர் மகள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு உங்களுக்குச் சொன்னாள். நீங்கள் நாய்களோடு வந்து கீழ் வாசலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் காட்டை ஒன்பது நாள் தேடினீர்கள். நான் தினமும் அந்தக் காட்டின் ஓரத்துக்கு டீ கொண்டுவந்தேன். நீங்களே குடித்திருக்கிறீர்கள். அவர் கீழ் வாசல் வழியாகத்தான் போனார் என்று ஹெர்மினாவும் சொன்னாள். அவள் பொய் சொல்லவில்லை, நான் சொன்னதை நம்பினாள். அவளை விட்டுவிடுங்கள். பிறகு பனி விழுந்தது, எல்லோரும் போய்விட்டீர்கள்.

மார்ச் கடைசியில் நானே உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னேன். ஈஸ்டருக்குக் கோட்டை திறக்க வேண்டும். மாடத்தின் மேல்தளம் முழுவதும் கழுவ வேண்டும். அப்படியே வைத்துக்கொண்டு பார்வையாளர்களை விடுவது முறையல்ல. மனசாட்சி உறுத்தியதால் கூப்பிட்டேன் என்று உங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே இருக்கட்டும், நான் மறுக்கவில்லை.

அவருடைய குறிப்பேட்டை நேற்று என்னிடம் காட்டினீர்கள். மாடக்குழியை அளந்து படம் போட்டிருந்தார். இருட்டில் எழுதியதால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன, ஆனாலும் அளவுகள் சரியாகத்தான் இருக்கும், அவர் அதில் கெட்டிக்காரர். கடைசிப் பக்கத்தில் கட்டுரைக்குத் தலைப்பு எழுதியிருந்தார். தோப்ரவின் தூண்மாடம். அதற்குக் கீழே இரண்டு பெயர். முதலில் என் பெயர், அடுத்தது அவர் பெயர். என் பெயரை முதலில் போட்டிருக்கிறாரே, உங்களுக்கு எதுவும் தோன்றவில்லையா என்று கேட்டீர்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கார்வாஷோவா, மலினாக். அகர வரிசையில் அப்படித்தான் வரும்.

மூலைத் தூணில் இருக்கும் எண்ணைப் பற்றியும் கேட்டீர்கள். உங்கள் ஆட்கள் ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறார்கள். முப்பத்தாறு வருடத்தில் ஏணி வைத்து ஏறிய முதல் ஆட்கள் அவர்கள்தான். ஆம், மேல்பக்கத்து உளித்தடம் மற்றதைவிட வெளுப்பாக இருப்பது உண்மைதான். அது என் உளி. எண்பத்தேழு மே மாதம், ஒரு மதியம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்பதின் தலையைத் திறந்துவிட்டால் நாலு ஆகிவிடும். ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்றை ஒட்டிக் கட்டிய தூண்மாடங்கள் இந்த வட்டாரத்தில் பதினொன்று இருக்கின்றன. பன்னிரண்டாவதற்காக யாரும் ஓர் உத்தரவை ரத்து செய்யமாட்டார்கள். நாற்பத்தொன்றில் கட்டியது ஒன்றுதான். இன்றைக்கும் அந்தத் தூண்கள் நிற்கின்றன, மழை அவற்றின் மேல் விழுவதில்லை. நான் அதற்காக வருத்தப்படவில்லை.

அப்படியானால் ஒன்பது என்று உங்களுக்கே தெரியுமே, பிறகு ஏன் அவரிடம் நாலு என்று சொல்லச் சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். எத்தனை ஆயிரம் பேர் அந்தத் தூணின் கீழே நின்று என்னைப் பார்த்துத் தலையாட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கழிப்பறை எங்கே என்பதற்கும் அதே தலையாட்டல்தான். விஷயம் தெரிந்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். தெரிந்த ஒருவர், ஒரே ஒரு தடவை, எனக்காக அதைச் சொன்னால் போதும் என்று இருந்தது.

நான் கேட்டது ஒரே ஓர் எண், இன்ஸ்பெக்டர். என்மேல் அவருக்குக் கொஞ்சமாவது பிரியம் இருந்திருந்தால், அதைக் கொடுத்திருக்க மாட்டாரா?